பாறமடையின் வெள்ளைத் தரை

வார்டு மெம்பர் என்னைத் தேடி வந்த அன்று நான் மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தேன். முற்றத்தில் நின்றபடியே அண்ணாந்து கேட்டார்.

“நீங்க கெல்ஃபில கடலுக்கு அடியில ஜோலி பாத்த ஆளாக்கும், இல்லியா?”

ஆமாம் என்றேன். பதின்மூன்று வருடம் ஒரு துறைமுகத்தில் கப்பல்களின் அடிவயிற்றைச் சுரண்டும் வேலை. முதுகில் காற்று சிலிண்டர், கையில் இரும்புச் சுரண்டி. பிறந்த ஊர் பொழியூர். வீட்டின் அடுக்களைச் சுவரைக் கடல் கொண்டுபோன வருடம் நான் வேலையை விட்டுவிட்டு வந்து, செங்கல் என்ற ஊர்ப் பக்கம் ஐந்து சென்ட் வாங்கிக் குடும்பத்தோடு உள்ளே தள்ளி வந்துவிட்டேன். பிழைப்புக்கு வீடுகளுக்குப் பைப் வேலை. முங்கும் சாமான்களை மட்டும் விற்க மனம் வரவில்லை.

மெம்பர் சொன்ன விஷயம் இதுதான். கிழக்கே பழைய பாறமடை ஒன்று இருக்கிறது. கல் வெட்டி எடுத்துக் கைவிட்ட குழியில் வருடக்கணக்கில் தண்ணீர் நிறைந்து, இப்போது சின்ன ஏரி போலக் கிடக்கிறது. அதிலிருந்துதான் நூற்றுச் சொச்சம் வீடுகளுக்குக் குழாயில் தண்ணீர் போகிறது. கொஞ்ச நாளாகத் தண்ணீர் சரியாக ஏறவில்லை. ஏறுகிற நாளிலும் சில சமயம் அழுகிய முட்டை நாற்றம். அடியில் குழாய் வாயிலுள்ள சல்லடை அடைத்திருக்க வேண்டும். மூச்சுப் பிடித்து முங்கிப் பார்த்தவர்களுக்கு எட்டவில்லை.

“குளம்தானே. அலை இல்ல, ஆள இழுத்துட்டுப் போற ஒழுக்கு இல்ல. ஒரு மணிக்கூர் ஜோலி,” என்றேன்.

என் பெண்சாதி துணி உதறிக்கொண்டே கேட்டாள். “கடல விட்டிட்டு இவ்வளவு தூரம் வந்தும் உங்களுக்கு இந்த வெள்ளத்தில சாடுயது நிக்கல்லியா?” எங்கள் பேச்சில் வெள்ளம் என்றால் தண்ணீர், சாடுவது என்றால் குதிப்பது.

கோவளத்தில் சிலிண்டரை நிரப்பிக்கொண்டு, ஆட்டோ ஓட்டும் மச்சினனையும் கூட்டிக்கொண்டு ஒரு சனிக்கிழமை காலை போனேன். மேலே நின்று என் இடுப்புக் கயிற்றைப் பிடிக்க ஆள் வேண்டும். ரப்பர் தோட்டத்தைத் தாண்டினால் சட்டென்று பூமி முடிந்து செங்குத்தாகப் பாறை இறங்குகிறது. கீழே ஒரு ஏக்கருக்குக் கொஞ்சம் மேலே இருக்கும், அசையாத பச்சைத் தண்ணீர். மேற்குக் கரையில் பாறைத் திட்டின் மேல் தகரக் கூரை போட்ட பம்ப் அறை.

பம்பை இயக்குவது ஒரு அக்கா. ஐம்பது வயது இருக்கும். சி.எஸ்.ஐ. சபைக்காரர். முன்பு அவருடைய புருஷன் பார்த்த வேலை. அவருக்கு முதுகெலும்பு கோளாறானதும் இவர் எடுத்துக்கொண்டார். பன்னிரண்டு வருடம் ஆகிவிட்டதாம். நான் முங்கும் உடுப்பு மாட்டும்போது அவர் உள்ளே போய் ஃபியூஸ் கட்டைகள் மூன்றையும் பிடுங்கிக்கொண்டு வந்து மடியில் வைத்துக்கொண்டார்.

“நீ கேறி வந்த பெறவாக்கும் இது திரும்பப் போவுது. கரண்டு வந்தா எவனாவது அறியாம ஸ்விட்ச போட்டிருவான்.”

அந்த ஒரு காரியத்திலேயே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

இறங்கியதும் முதல் பிழை தெரிந்தது. இடுப்பில் கட்டிய ஈயம் கடலுக்குக் கட்டுகிற கணக்கு. உப்புத் தண்ணீர் ஆளைத் தூக்கிப் பிடிக்கும், நல்ல தண்ணீர் அந்த அளவுக்குத் தூக்காது. இதை நான் அறியாதவன் இல்லை. ஆனால் குளம்தானே என்ற மிதப்பில் யோசிக்கவில்லை. கல்லைப் போட்டதுபோல் இறங்கினேன். முதலில் வெந்நீர் போலச் சூடு, பாசிப் பச்சை, நீட்டிய கை தெரியவில்லை. மூன்று பாகம் தாழ்ந்திருப்பேன். இரண்டு கையையும் விரித்த நீளத்தைத்தான் நாங்கள் பாகம் என்போம். அங்கே திடீரென்று கணுக்கால் குளிர்ந்தது. அப்புறம் முழங்கால், வயிறு, நெஞ்சு. ஒரு கோடு கிழித்ததுபோல் அதற்கு மேலே சூடு, கீழே குளிர். தலையும் அந்தக் கோட்டைத் தாண்டியபோது பச்சை முழுக்க விலகி, கண்ணாடி போன்ற தண்ணீர். டார்ச் வெளிச்சத்தில் பாறையில் வெட்டிரும்பு பதிந்த கோடுகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. மிதவைச் சட்டைக்குள் காற்றை நிரப்பிக்கொண்டு வேகத்தைக் குறைத்தேன். இவ்வளவு தெளிவை நான் துறைமுகத்தில் ஒரு நாளும் கண்டதில்லை.

கீழே வெள்ளையாகத் தரை தெரிந்தது. சுண்ணாம்பு பூசிய களம் போல, மேடு பள்ளம் இல்லாமல் ஒரு சுவரிலிருந்து மறு சுவர் வரை பரந்து கிடந்தது. பாறைப்பொடி படிந்திருக்கிறது என்று நினைத்தேன். நிற்கலாம் என்று காலை ஊன்றினேன்.

கால் உள்ளே போயிற்று. முழங்கால் போயிற்று. ஊன்ற ஒன்றுமில்லை. பால் போன்ற ஒரு மூட்டத்துக்குள் இடுப்பு வரை முங்கி, தலையும் முங்கியபோது டார்ச் முகத்துக்கு நேரே வெள்ளையாக அடித்தது. ஒரு ஆள் உயரத்துக்கு அந்த வெள்ளை. அதற்கும் கீழே இருட்டு. டார்ச்சைக் கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்தால்தான் விளக்கு எரிகிறதா இல்லையா என்றே தெரியும். வாய்க்குள் சுத்தமான சிலிண்டர் காற்று, மூக்கு மாஸ்குக்குள் அடைந்திருக்கிறது. அப்படியிருந்தும் முட்டை நாற்றம் எங்கிருந்தோ வந்தது. உதடு சுணைத்தது. கயிற்றை மூன்று தடவை இழுத்தேன். மேலே கொண்டு போ என்று அர்த்தம்.

ஏறியதும் அக்கா கேட்ட முதல் கேள்வி, “தூரு கண்டியா மக்கா?”

“கண்டேன். மிதிச்சேன். அது தூரு இல்ல.”

அவர் சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். “இது என்ன, காலத்த நீ வந்தப்ப வெள்ளியாத்தான இருந்தது?”

என் விரலில் கிடந்த வெள்ளி மோதிரம் அடுப்புக் கரி போலக் கறுத்திருந்தது.

அன்று சல்லடையை நெருங்கவே முடியவில்லை. குழாய் அந்த வெள்ளைக்குள் இறங்கி மறைந்திருந்தது. கோடையில் தண்ணீர் எவ்வளவு வற்றினாலும் எட்ட வேண்டும் என்று ஏழு பாகத்துக்கும் கீழே போட்டு வைத்திருந்தார்கள். நியாயமாக எனக்கு எரிச்சல் வந்திருக்க வேண்டும். ஆனால் ஆட்டோவில் திரும்பும்போது மச்சினன் பேசிய ஒன்றும் காதில் விழவில்லை. அந்த வெள்ளை என்ன? எதன் மேல் நிற்கிறது? ஏன் கலங்கிப் பரவாமல் ஒரே மட்டத்தில் கிடக்கிறது?

அடுத்த சனிக்கிழமை பாதி ஈயத்தோடு இறங்கினேன். இந்தத் தடவை வெள்ளைத் தரை ஒன்றரை பாகம் கீழே போயிருந்தது! அதன் மேல் ஓரத்தில் மெல்லிய ரோஸ் நிறம் வேறு. குழாயின் வாய் தெளிந்த தண்ணீரில் அழகாகத் தொங்கிக்கொண்டிருந்தது. சல்லடையில் கறுப்பு வழுவழுப்பு விரற்கடை கனத்தில் அப்பியிருந்தது. சுரண்டிக் கழுவிவிட்டு மேலே வந்தேன். பம்ப் பாய்ச்சலாக இறைத்தது. மெம்பர் கை கொடுத்தார். நானும் ஒரு பெரிய காரியம் செய்தவனைப்போல் பரோட்டா தின்றுவிட்டு வீட்டுக்குப் போனேன்.

நான்காம் நாள் அக்கா போன் செய்தார். “மக்கா, வெள்ளம் பாயுது. ஆனா நாத்தம் திரும்ப வந்திருக்கு. நீ ஒழிவு உள்ளப்ப ஒண்ணு வா. ஒரு சாதனம் காட்டணும்.”

அவர் காட்டியது பழைய பள்ளி நோட்டுகள். தினம் காலையில் பம்பைப் போட்டதும் முதல் தம்ளர் தண்ணீரைப் பிடித்து, நிறமும் வாடையும் பார்த்து எழுதி வைத்திருக்கிறார். எழுதச் சொன்னவர் யாருமில்லை. “நாளைக்கு ஒருத்தன் வந்து நீ ஒழுங்கா பாக்கல்லன்னு சொல்லப்பிடாதுல்லா” என்றார். பக்கங்களைப் புரட்டினேன். நாலு நாள் நல்லது, இரண்டு நாள் நாற்றம், ஒன்பது நாள் நல்லது, ஒரு நாள் நாற்றம். எனக்கு ஒரு முறையும் தென்படவில்லை.

“நீ வெள்ளத்தப் பாக்கிய. இந்த ஓரத்த வாசி,” என்று விரலை வைத்தார். ஓரத்தில் மழை, வெயில், காற்று என்று குறித்திருந்தது. மேற்கிலிருந்து காற்று பலமாக அடித்த நாளுக்கு மறுநாள்தான் பெரும்பாலும் நாற்றம்.

“காத்து மேலயில்லா அடிக்கி? நாப்பத்தஞ்சு அடிக்குத் தாழ உள்ளத அது என்ன செய்யும்?” என்றேன்.

அக்கா தூக்குவாளியைத் திறந்தார். மத்தியானக் கஞ்சி. சோறு அடியில் இறுகிக் கிடக்க மேலே தெளிவாகக் கஞ்சித் தண்ணீர் நின்றது. அக்கா ஒரு பக்கத்திலிருந்து வாயைக் குவித்து ஊதினார். தண்ணீர் எதிர்ப்பக்கம் ஒதுங்கியது. ஊதின பக்கத்தில் சோறு தலைகாட்டியது.

“காத்து மேலுள்ள வெள்ளத்த கெழக்க தள்ளுது. அப்பம் இங்க மேக்க எடம் ஒழியும்லா? அதுக்கு தாழ உள்ளது கேறி வருது. நம்ம கொழாயி மேக்க கரையிலயாக்கும் கெடக்குது.”

இரண்டு சனிக்கிழமைகளில் வெள்ளைத் தரை ஏறியிருந்ததும் இறங்கியிருந்ததும் அதனால்தானா? முதல் தடவைக்கு முந்தின நாள் காற்று அடித்ததா என்று நோட்டைப் பார்த்தோம். அடித்திருந்தது. இரண்டாவது தடவைக்கு முந்தின நாட்களில் காற்றே இல்லை.

நாற்றம் எந்த ஆழத்தில் தொடங்குகிறது என்று அறிய அவரே ஒரு வழியும் சொன்னார். மகளுடைய அறுந்த வெள்ளிக் கொலுசைக் கொண்டுவந்து துண்டு துண்டாக்கி, கல் கட்டிய கயிற்றில் பாகத்துக்கு ஒன்றாக முடிந்தோம். ஒரு முழு நாள் தண்ணீரில் போட்டு எடுத்தால், ஆறு துண்டு வரை வெள்ளி வெள்ளியாகவே இருந்தது. ஏழாவது மங்கல். எட்டிலிருந்து கன்னங்கறுப்பு. பத்துப் பதினைந்து நாள் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தோம். காற்று அடித்த மறுநாள் ஆறாவதும் கறுத்தது. ஐந்தாவது ஒரு நாளும் கறுக்கவில்லை. மேலே மூன்று வரை பாசி. அப்படியானால் நான்குக்கும் ஐந்துக்கும் நடுவில்தான் குடிக்கத் தக்க தண்ணீர் நிற்கிறது.

குழாயை வெட்டி, வளைகிற ஹோஸ் மாட்டி, இரண்டு நீல பிளாஸ்டிக் பீப்பாய்களில் தொங்கவிடுவது என்று முடிவாயிற்று. தண்ணீர் ஏறினாலும் இறங்கினாலும் வாய் அதே ஆழத்தில் நிற்கும். மெம்பர் அலைந்து அனுமதி வாங்கிவர, வைகாசி நடுவில் தொடங்கும் இடவப்பாதி மழை வந்துவிட்டது. இரண்டு நாள் கொட்டிய மழை விட்டு, மேலே தண்ணீர் அமைதியாக இருந்த ஒரு காலையில் ஹோஸைப் பூட்ட இறங்கினேன். பாசிகூடக் குறைந்து தெளிவாக இருந்தது. இப்போது இந்தக் குளம் எனக்குப் பழகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்று பாகத்தில் ஒரு சிவப்பு மேகம் கிடந்தது. ரப்பர் தோட்டத்திலிருந்து வடிந்த செம்மண் தண்ணீர். மழைத்தண்ணீர் குளிர்ச்சி, அதனால் மேலுள்ள சூட்டுத் தண்ணீரில் நிற்காமல் தாழ்ந்து, கீழுள்ள குளிரை விடக் கனம் குறைவு என்பதால் நடுவில் பாய் விரித்ததுபோல் தங்கிவிட்டது. இதெல்லாம் பிறகு யோசித்தது. அப்போது தோன்றியது, அந்த மேகத்துக்குக் கீழே தெளிவு இருக்கும், தாண்டிவிடலாம் என்பதுதான். தாண்டினேன். கீழே தெளிவு இருந்தது. ஆனால் மேலிருந்து துளி வெளிச்சம் இல்லை. ஹோஸை மாட்டி இறுக்கிவிட்டு, ஏறுகிறேன் என்று கயிற்றை இழுத்தேன். மேலிருந்து பதில் வரவில்லை. இன்னொரு தடவை இழுத்தேன். கயிறு எதிலோ இறுகி நின்றது.

பாறைச் சுவர் எந்தப் பக்கம் என்று கை நீட்டினேன். கிடைக்கவில்லை. சிவப்புக்குள் கொஞ்சம் ஏறியதும் மேல் எது கீழ் எது என்ற நிதானமும் போயிற்று. நெஞ்சு அடித்ததில் காற்று இரட்டிப்பாகச் செலவானது. பதின்மூன்று வருடம் ஒரு முறையும் நினைக்காததை நினைத்தேன், இந்தக் குளத்தில் போய் முடிந்தேன் என்றால் பொழியூரில் சிரிப்பார்களே என்று. அந்த நினைப்பில் எனக்கே சிரிப்பு வந்து, மூச்சு அடங்கியது. கயிற்றைக் கைமாற்றிக் கைமாற்றி அது போன வழியே போனேன். பாறையில் அறைந்து விட்டுப்போன ஒரு பழைய இரும்புக் கம்பியில் அது சுற்றியிருந்தது. எடுத்துவிட்டேன். மறுநொடியே மேலிருந்து ஒரு இழுப்பு.

மச்சினன் இன்னும் கயிற்றை விடாமல் பிடித்திருந்தான். “அத்தான், நீங்க இழுத்ததா, எதிலயாவது மாட்டிக் குடுங்கினதா எனக்குத் தெரியல்ல. பலமா இழுத்தா இன்னும் குடுங்கிருமோன்னு பேடிச்சு நின்னேன்.”

“இழுக்காம நின்னது நல்லதாச்சு,” என்றேன். அது உண்மைதான்.

அன்று முதல் எந்தத் தண்ணீரையும் பழகிவிட்டது என்று நான் சொல்வதில்லை.

பீப்பாய் வேலை செய்தது. நாலு மாதம் ஒரு வீட்டிலிருந்தும் புகார் இல்லை. பிறகு ஐப்பசி. ஒரு வாரம் வெயிலே இல்லை, மழையும் குளிர்காற்றும். ஒரு விடியற்காலை அக்கா கூப்பிட்டார். “மோட்டார போட்ட ஒடனே நிறுத்திட்டேன் மக்கா. திலோப்பியா மீனெல்லாம் வாயப் பொளந்துகிட்டு மேல நிக்குது. இது வேற எதோ ஆக்கும்.”

போனபோது அவர் பிடித்து வைத்திருந்த முதல் தம்ளர் தண்ணீர் தேயிலை நிறத்தில் இருந்தது. நாலரை பாகத்திலிருந்து வந்த தண்ணீர்! பம்ப் அறை வாசலில் குடத்தோடு பத்துப் பதினைந்து பேர். மெம்பரும் இருந்தார்.

“அக்கா, நாத்தம் பெருசா இல்லல்லா? கொஞ்சம் விடுங்க. ஆளுக சத்தம் போடுதாவ,” என்றார்.

“நீங்க மெம்பராக்கும். நான் இல்லன்னு சொல்லல்ல. ஆனா மீனுக்கு ஒத்துவராத்தது எனக்க பேரப்பிள்ளைக்கு ஒத்துவருமா? லாரியில வெள்ளம் கொண்டு வாருங்க. இத நான் விடமாட்டேன்.”

ஃபியூஸ் கட்டைகள் மூன்றும் அவர் முந்தானையில் முடிந்திருந்தன. ஒவ்வொருவராகக் குடத்தை எடுத்துக்கொண்டு நடந்தார்கள். மாலைக்குள் மீன்கள் செத்து வெள்ளையாக மிதந்தன. குடத்தோடு வந்து ஏசிய ஒரு பெண் மறுநாள் வந்து அக்காவின் பக்கத்தில் ஒரு பாத்திரம் அவித்த மரச்சீனிக் கிழங்கு வைத்துவிட்டுப் போனாள்.

மீனை அள்ளி முடித்த பிறகு நான் ஒருமுறை இறங்கிப் பார்த்தேன். பச்சை இல்லை, குளிர்க்கோடு இல்லை, வெள்ளைத் தரையும் இல்லை. மேலிருந்து அடிவரை ஒரே அளவான சூடு, ஒரே பழுப்பு. மேல்தண்ணீர் குளிர்ந்து கனத்து இறங்கியிருக்கிறது, காற்று கலக்கியிருக்கிறது, அடியில் கிடந்தது எல்லாம் புரண்டு மேலே வந்திருக்கிறது. அன்றுதான் முதல் தடவையாக உண்மையான தூரைத் தொட்டேன். பதினோரு பாகம். கருப்பு மெழுகு போன்ற சேறு. ஒரு கை அள்ளிப் பாட்டிலில் கொண்டுவந்து அக்காவிடம் கொடுத்தேன்.

லாரித் தண்ணீர் மூன்று வாரம் வந்தது. மெல்ல மெல்லக் குளம் அடுக்கு பிரிந்தது. கயிற்றில் கட்டிய வெள்ளி திரும்பவும் எட்டாவதில் கறுத்த அன்று, அக்கா ஒரு வேண்டுதலைக் கேட்பதுபோல் தயங்கிக் கேட்டார்.

“மக்கா, எனக்கு அந்த வெள்ளைத் தரைய ஒண்ணு காணணும். ஒக்குமா?”

நீந்தத் தெரியுமா என்றேன். தெரியாது. ரத்த அழுத்தம்? இல்லை. வெள்ளைத் தரை ஆழம் அதிகம், அவ்வளவுக்குக் கூட்டிப்போக மாட்டேன், குளிர்க்கோடு வரைக்கும் போகலாம், அதற்குக் கீழே தெளிவாக இருந்தால் தூரத்தில் வெள்ளை தெரியலாம் என்றேன். அடுத்த நான்கு ஞாயிறுகளில், ஆராதனை முடிந்த பிறகு, கரையோரம் இடுப்பளவு தண்ணீரில் வாயால் மூச்சு விடப் பழகினார். அவருடைய புருஷன் கரையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து, “தள்ளைக்கு வயசான காலத்தில கிறுக்காக்கும்” என்று எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் ஒரு ஞாயிறும் வராமல் இருக்கவில்லை.

காற்றில்லாத, மழையில்லாத, முந்தின நாள் நான் இறங்கிப் பார்த்துத் தெளிவு என்று உறுதி செய்த ஒரு நாளைத் தேர்ந்தெடுத்தோம். சுடிதாருக்கு மேல் உடுப்பு, மாஸ்க், எல்லாம் மாட்டி, கயிற்றைப் பிடித்துக்கொண்டு முகத்துக்கு முகம் பார்த்தபடி இறங்கினோம். ஒரே இரவில் பாசி பூத்திருந்தது. நேற்று கண்ணாடியாக இருந்த தண்ணீர் அரைத்த பச்சைப் பட்டாணி போல. ஒன்றரை முழத்துக்கு அப்புறம் ஒன்றுமில்லை. அக்காவின் கண்கள் மாஸ்குக்குள் பெரிதாக இருந்தன. மேலே போகலாமா என்று சைகை செய்தேன். இல்லை என்று கீழே விரலைக் காட்டினார்.

மூன்று பாகத்தில் அவர் திடுக்கிட்டு என் மணிக்கட்டைப் பிடித்தார். குளிர் காலைத் தொட்டிருக்கிறது. பயந்துவிட்டார் என்று ஏறத் தொடங்கினேன். அவர் அசையவில்லை. இடது கையை மெல்லக் கீழே இறக்கினார், மேலே எடுத்தார், மறுபடி இறக்கினார். சூட்டுக்கும் குளிருக்கும் நடுவிலுள்ள அந்தக் கோட்டை, மேசை விளிம்பைத் தடவுவதுபோல் தடவிக்கொண்டிருந்தார். நான் மணிக்கட்டுக் கடிகாரத்தைப் பார்த்தேன். ஆறு நிமிடம் அப்படியே.

மேலே வந்து மாஸ்கைக் கழற்றியதும் புருஷன் கரையிலிருந்து கத்தினார். “கண்டியாட்டி?”

“ஒண்ணும் காணல்ல,” என்றார் அக்கா, மூச்சு வாங்கிக்கொண்டு. “பச்சை, பச்சை, பின்ன எனக்க கையி. வேற ஒண்ணும் இல்ல.”

எனக்குச் சங்கடமாக இருந்தது. “நேத்து நல்ல தெளிவு அக்கா. சத்தியமா. ஒரு ராத்திரியில மாறிப் போச்சு.”

“அதுக்கு நீ என்னத்துக்கு மனசு விஷமிக்கிய?” பாறையில் உட்கார்ந்து தலைமுடியைப் பிழிந்தார். கை விரல்கள் இன்னும் எதையோ தொடுவதுபோல் அசைந்தன. “அது என்னெண்ணு ஒண்ணோடொண்ணு கலராம நிக்குது மக்கா? ரெண்டும் வெள்ளந்தான? நடுவில ஒரு துணிகூட இல்ல.”

கனம், சூடு என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்லிப் பார்த்தேன். தலையாட்டிக் கேட்டார். நம்பியதாகத் தெரியவில்லை.

“செரி. அந்த வெள்ளைத் தரைக்கு அடியில மீன் உண்டா?”

“ஒண்ணும் இல்ல. அங்க மூச்சு விட ஏலாது.”

“அப்பம் மேல நிக்க மீனுக்கு, இதுக்கு தாழ போகப்பிடாதுன்னு ஆரு சொல்லிக் குடுத்தா?”

அக்கா, புருஷன் நீட்டிய துண்டை வாங்கித் தலையைத் துவட்டியபடி, மேற்கே ரப்பர் மரங்களின் உச்சி காற்றில் அசைகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.